பீச்சாங்கைப் பக்கத்து இறகு

ஒரே ஒரு மலை. அந்த மலையில ஒரே ஒரு ஊரு. அந்த ஊர்ல குறும்பாயின்னு ஒருத்தி இருந்தா. ம் கொட்டணும், என்ன? நீ ம் கொட்டலைன்னா கதை பாதி வழியில உக்காந்துக்கும்.

"ம்."

அந்த ஊர்க்காரங்களுக்கு ஒரு பழக்கம் சாமி. எது கெடச்சாலும் சரிசமமாப் பங்கு போட்டாகணும். தேன் எடுத்தா அடையை நூல் வெச்சு அறுப்பாங்க. பலாப்பழம் பழுத்தா சுளையை எண்ணுவாங்க, ஒத்தைச் சுளை மிஞ்சிருச்சுன்னா அதைக் கீறி, உள்ள இருக்கிற கொட்டையையும் ரெண்டா உடைப்பாங்க. கோழி அடிச்சா கழுத்து யாருக்குன்னு பேசிப் பேசிக் குழம்பு ஆறிப்போயிரும். இந்தப் பங்கு போடுற வேலைக்குன்னே ஒருத்தர் இருந்தார், சின்னாண்டின்னு பேரு. பங்கு போட்டுப் போட்டு அவர் கண்ணே தராசு மாதிரி ஆயிருச்சு. யாராவது எதிர்ல வந்து நின்னாக்கூட ஒரு கண்ணைச் சுருக்கி, இவனுக்கு எந்தப் பக்கம் கனம்னு பாத்துட்டுத்தான் வாயைத் திறப்பார்.

குறும்பாயியோட புருஷன் சடையன். நல்ல வில்லுக்காரன், பேச்சு கம்மி. அவனுக்கு ஒரு தம்பி, வெள்ளையன். அவனும் வில்லுக்காரன்தான். அண்ணன் பேசாம விட்டதையெல்லாம் இவன் எடுத்துப் பேசிருவான். இன்னும் கல்யாணம் ஆகல, அதனால சாப்பாடு அண்ணி வீட்டுல. ரெண்டு பேரோட அம்புக்கும் இறகு கட்டுறது குறும்பாயி வேலை. மூங்கில் குச்சிக்கு ஒரு முனையில இரும்பு, வால் முனையில மூணு இறகு. அரக்கை உருக்கி ஒட்டி, மேல மரல் நாரைச் சுத்தி இறுக்கிருவா. வால்ல இறகு இல்லாத அம்பு, தலை சுத்துனவன் நடக்குற மாதிரி போகும். எங்க போகும்னு அதுக்கே தெரியாது.

"ம்."

அப்புறம் ஒரு வருஷம் என்ன ஆச்சுன்னா, ஒரு காட்டுப்பன்னி வந்துச்சு. பன்னின்னா பன்னி, உரல் உருண்டு வர்ற மாதிரி. ஒரு காது கிழிஞ்சு தொங்கும். சாயங்காலம் ஆனாப் போதும், கரக் மொரக், கரக் மொரக்னு தினைக்காட்டுக்குள்ள எறங்கிரும். கொட்டு அடிச்சுப் பாத்தாங்க, டம் டம் டம். ரெண்டு நாள் பயந்துச்சு. மூணாம் நாள் அந்தத் தாளத்துக்கே மென்னுச்சு. முள்ளு வெட்டி வேலி கட்டுனாங்க. அதுல முதுகைச் சொறிஞ்சுக்கிட்டு உள்ள வந்துச்சு.

சடையன் வீட்டு மேல்காடு போச்சு. நடுக்காடு போச்சு. கீழ ஒரு சின்னத் துண்டுதான் மிச்சம். அது குறும்பாயி விதைக்குன்னு விட்டு வெச்ச தினை. கதிர் அப்பத்தான் பால் கட்டிக்கிட்டு இருக்கு. இப்ப அறுத்தா கஞ்சிக்கு ஆகும், முளைக்காது. முத்துற வரைக்கும் நிக்கணும்.

"பக்கத்து வீட்டுல வெதை கேக்கலாம்ல?"

கேக்கலாம். ஆனா எல்லாத்தையும் பங்கு போடுற அந்த ஊர்ல விதையை மட்டும் பங்கு போட மாட்டாங்க. அவங்கவங்க விதை அவங்கவங்களுக்கு. விதை போயிருச்சுன்னா சட்டி பானையைத் தலையில வெச்சுக்கிட்டு மலையை விட்டு எறங்கிரணும், கீழ்நாட்டுல எவனோ ஒருத்தன் காட்டுல களை எடுக்கணும். முந்தின வருஷம் ஒரு வீடு அப்பிடித்தான் போச்சு. போறப்போ அந்த வீட்டுக்காரி குறும்பாயிகிட்ட அம்மிக்கல்லைக் குடுத்து, "வந்து வாங்கிக்கிறேன்"னு சொல்லிட்டுப் போனா. வரல. அந்த அம்மிக்கல் குறும்பாயி வீட்டு வாசல்ல மழையில நனைஞ்சுக்கிட்டுக் கெடந்துச்சு.

"ம்."

அப்போ சடையன் சொன்னான், "இன்னைக்கு வில்லை எடுக்குறேன்."

காட்டோரம் ஒரு பரண். அதுமேல மூணு பேரும் ஏறிக் குந்திக்கிட்டாங்க. அம்புல மயில் இறகு. தோகை இல்ல சாமி, தோகை பாக்கத்தான் லாயக்கு. இறக்கையில செம்பட்டை நிறத்துல நீளமா விறைப்பா இருக்குமே, அது. அவங்க அப்பன் காலத்துல இருந்து அந்த வீட்டுல மயில் இறகுதான். பொழுது சாயுது. பன்னி வந்துச்சு. கரக் மொரக். சடையன் நாணை இழுத்து, மூச்சைப் பிடிச்சு, விட்டான்.

டிங்.

பன்னி ஒரே தாவல். அம்பு வந்து, பன்னி நின்ன இடத்துல, பன்னி இல்லாத மண்ணுல சொருகி நின்னுச்சு. பன்னி புதருக்குள்ள போச்சு, கொஞ்சம் பொறுத்து அந்தப் பக்கமா வந்து மறுபடி தின்னுச்சு.

வெள்ளையன் சொன்னான், "அண்ணே, உன் அம்புக்கு முன்னாடி அந்த மயிலே ஓடிப்போயி, மாமா எந்திரிங்க, ஆள் வர்றான்னு சொல்லிருச்சு போல."

"நான் சரியாத்தான் விட்டேன்" அப்பிடின்னான் சடையன்.

"சரியாத்தான் விட்டே. அது சரியா நிக்கல."

குறும்பாயி கேட்டா, "ஏன் குதிச்சுது? நாண் சத்தமா?"

"நாணுக்கு முயல் ரோமம் சுத்தியிருக்கேன். அது பன்னி பயப்படுற அளவுக்குக் கேக்காது."

"அப்போ அம்புச் சத்தம்."

"அம்புக்கு ஏது சத்தம்? நான் சின்ன வயசுல இருந்து விடுறேன், ஒரு நாளும் கேட்டதில்ல."

குறும்பாயி சொன்னா, "நீ வில்லு பக்கம் நிக்கிறே. பன்னி எந்தப் பக்கம் நிக்குது?"

அந்த ஊர்ல எத்தனையோ வில்லுக்காரங்க இருந்தாங்க. அம்பு வர்ற பக்கம் போயி நின்னு கேட்டவங்க ஒருத்தருமில்ல. நிப்பாங்களா?

"செத்துப்போயிருவாங்கல்ல."

ம், அதான். மறுநாள் காலையில குறும்பாயி ஒரு பெரிய பாறைக்குப் பின்னாடி போயி ஒடுங்கி உக்காந்தா. பாறைக்குப் பக்கத்துல, அம்பு வந்து குத்துறதுக்குன்னு, வைக்கோல் போர் மாதிரி புல்லைக் கட்டி நட்டு வெச்சிருந்தாங்க. கண்ணை மூடிக்கிட்டா. அவளுக்குக் காது நல்ல காது. பயிருக்குக் காவல் இருந்து இருந்து, தூங்காம கெடக்குறவங்களுக்குக் காது கொஞ்சம் அதிகமாவே முளைச்சிருது.

"விடுறேன்" அப்பிடின்னு சடையன் குரல் தூரத்துல.

டிங். ஸ்ஸ்ஸ்ர்ர்ர்ர்ர்ர். தொப்.

புதுத் துணியை யாரோ காதுக்குப் பக்கத்துல வெச்சுக் கிழிச்ச மாதிரி இருந்துச்சு. சத்தம் முன்னால ஓடி வருது, அம்பு அதுக்குப் பின்னால வருது.

வெள்ளையன் ஓடி வந்து கேட்டான், "கேட்டுச்சா அண்ணி?"

"எனக்கே எந்திரிச்சு ஓடணும் போல இருந்துச்சு."

அப்புறம் வீட்டுல வந்து இறகைக் கையில எடுத்து, காதுக்குப் பக்கத்துல விசிறிப் பாத்தா. விர்ர்ர். இறகு உசரமா நிக்குது, நீளமாவும் இருக்குது, வால் முனை மொட்டையா வெட்டியிருக்குது. காத்து வந்து அதுல மோதி மோதி அடிக்குது. கத்தியால உசரத்தைக் கொறைச்சா. கொஞ்சம் கொறைஞ்சுது. முனையைச் சாய்வாச் சீவுனா. இன்னும் கொஞ்சம் கொறைஞ்சுது. ரொம்பச் சீவுனா அம்பு நெளியுது. இரும்பு முனை கனமாச்சே, அதை வால்ல இருந்து பிடிச்சு நேரா ஓட்டணும்னா இறகும் கொஞ்சமாவது வேணும்ல. மயில் இறகுல அவளால எடுக்க முடிஞ்சது அவ்வளவுதான். பன்னியோட காதுக்கு அது போதாது.

"ம்."

அப்போ அவளுக்கு ஆந்தை ஞாபகம் வந்துச்சு. பரண்ல காவல் இருக்கும்போது தலைக்கு மேல ஆந்தை போகும். நிழல் போகும், சத்தம் போகாது. ஆந்தை இறகோட ஓரத்துல மெல்லிசா, பஞ்சு மாதிரி ஒரு கரை இருக்கும். எலி காதுல விழாம வந்து தூக்கணுமே, அதுக்கு.

ஆலமரப் பொந்துக்குக் கீழ தேடித் தேடி, உதுந்த இறகுல நல்லதாப் பொறுக்கிக்கிட்டு வந்தா. வெள்ளையன் வாசல்லயே மறிச்சான்.

"அண்ணி, ஆந்தை இறகை வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க. எனக்கு இன்னும் பொண்ணே பாக்கல."

"உனக்குப் பொண்ணு அமையாததுக்கு ஆந்தை காரணமில்ல. வாய் காரணம். வழியை விடு."

ஆனாலும் அவன் மனசு நோக வேண்டாம்னு வெளியில புளியமரத்தடியில உக்காந்துதான் கட்டுனா. கட்டி முடிச்சு, பாறைக்குப் பின்னாடி உக்காந்து கேட்டா. டிங் கேட்டுச்சு. அப்புறம் ஒண்ணுமே இல்ல. அப்புறம் தொப். நடுவுல ஒண்ணுமே இல்ல சாமி. அம்பு வந்துச்சா, தானா முளைச்சுதான்னு தெரியல.

குறும்பாயிக்கு அன்னைக்கு மத்தியானம் சோறு எறங்குச்சு.

சாயங்காலம் பரண் ஏறுனாங்க. ஏறுனதுமே மஞ்சு எறங்க ஆரம்பிச்சிருச்சு. மலை மஞ்சு தெரியுமா, கையை நீட்டினா கை நனையும். பன்னி வந்துச்சு. கரக் மொரக். சடையன் இழுத்தான். குறும்பாயி அம்போட வாலைப் பாத்தா. இறகெல்லாம் சட்டி தொடைச்ச துணி மாதிரி நனைஞ்சு படுத்துக் கெடக்குது. இருன்னு சொல்றதுக்குள்ள விட்டுட்டான்.

அம்பு போச்சு. தலை ஒரு வழி, வால் ஒரு வழி. ஒரு கட்டையில போயி சப்புனு குத்தி நின்னுச்சு. பன்னி தலையைத் தூக்கிப் பாத்துச்சு. மெதுவா நடந்து போயி அம்பை மோந்துச்சு. ஹ்ரூம்னு ஒரு தும்மல் தும்மிட்டு, திரும்ப வந்து தின்னுச்சு.

வெள்ளையன் சொன்னான், "அம்பைத் தேடிப்போயி நலம் விசாரிச்ச பன்னியை நம்ம ஊர்லதான் பாக்க முடியும்."

யாரும் சிரிக்கல. சிரிக்க ஆரம்பிச்ச வெள்ளையனும் பாதியில நிறுத்திக்கிட்டான். காலையில போயிப் பாத்தா விதைத் தினையில பாதிதான் நிக்குது.

"ம்... அப்புறம்?"

அப்புறம் குறும்பாயி சொன்னா, "விறைப்பாவும் இருக்கணும், நனைஞ்சாலும் படுக்கக் கூடாது. மழையில பறக்குற பெரிய பறவையா வேணும்."

அண்ணனும் தம்பியும் கெழக்குச் சரிவுல தேடிக்கிட்டுப் போனாங்க. அங்க செங்குத்துப் பாறைக்கு அடியில ஒரு கழுகு செத்துக் கெடந்துச்சு. பெரிய கழுகு. ஒரு இறக்கையை விரிச்சா ஒரு ஆள் படுக்கலாம். எறும்பு தின்னதும் ஒடிஞ்சதும் போக, அம்புக்கு ஆகுற மாதிரி இந்த இறக்கையில மூணு, அந்த இறக்கையில மூணு தேறுச்சு.

ரெண்டு பேர் சேர்ந்து எடுத்தது. அப்போ என்ன பண்ணணும்?

"பங்கு."

ஆமா. சின்னாண்டி வந்து உக்காந்தார். ஒரு இறக்கையில இருந்த மூணையும் வரிசையா வெச்சார், அடுத்து இன்னொரு இறக்கையில இருந்த மூணையும் வெச்சார். "அண்ணனுக்கு ஒண்ணு, தம்பிக்கு ஒண்ணு, அண்ணனுக்கு ஒண்ணு, தம்பிக்கு ஒண்ணு" அப்பிடின்னு மாத்தி மாத்திக் குடுத்தார். ஆளுக்கு மூணு. அந்த ஊர்ல எந்தப் பறவை கெடச்சாலும் இப்பிடித்தான். ஒரு இறக்கையை ஒருத்தனுக்கும் இன்னொண்ணை இன்னொருத்தனுக்கும் குடுத்ததே இல்ல. ஏன்னா இடது இறக்கையை யாரு வாங்குவா? அது பீச்சாங்கைப் பக்கமாச்சே.

ஏ, சிரிக்காத. சிரிச்சா தூக்கம் ஓடிரும்.

குறும்பாயி அந்த மூணு இறகையும் கட்டுனா. உசரம் கொறைச்சு, முனையைச் சாய்வாச் சீவி, தண்ணியைத் தெளிச்சுப் பாத்தா. தண்ணி உருண்டு கீழ ஓடிருச்சு, இறகு அசையல. நல்ல இறகு. போயிப் பாறைக்குப் பின்னாடி உக்காந்தா.

டிங்.

ஸ்ர்ருனு கிழியுற சத்தம் இல்ல. ஆனா வேற ஒரு சத்தம், படபட படபட, கயித்துல காயுற துணி காத்துல அடிச்சுக்குற மாதிரி. என்னடான்னு அவ நினைக்குறதுக்குள்ள டங். அம்பு புல்லுக்கட்டுல படல. அவ தலைக்கு ஒரு முழம் மேல பாறை விளிம்புல அடிச்சுச்சு. கல்லுப்பொடி தலையெல்லாம் கொட்டுச்சு.

சடையன் வில்லைப் போட்டுட்டு ஓடி வந்தான். அவ தலையைத் தடவிப் பாத்தான், காதைப் பாத்தான், கழுத்தைப் பாத்தான்.

"இனிமே நீ இங்க உக்கார வேண்டாம்."

"எனக்கு ஒண்ணுமில்ல. அம்பு எப்பிடிப் போச்சு? பாத்தியா?"

"மீன் வாலை ஆட்டுற மாதிரி ஆட்டிக்கிட்டுப் போச்சு. போதும், நீ எந்திரி."

"ம்."

வீட்டுக்கு வந்து அரக்கைச் சூடு காட்டி இளக்கி, மூணு இறகையும் பிரிச்சா. மடியில வெச்சு ஒவ்வொண்ணா நீவிப் பாத்தா. ரெண்டு இறகு ஒரே பக்கமா வளைஞ்சிருக்கு. மூணாவது அதுக்கு எதிர்ப் பக்கமா வளைஞ்சிருக்கு. கண்ணுக்குச் சட்டுனு தெரியாது, விரலுக்குத் தெரியும். உன் ரெண்டு கையையும் குப்புற வெச்சுப் பாரு, ஒண்ணுமேல ஒண்ணு ஒட்டி உக்காருதா? கட்டைவிரல் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாப் போகுதுல்ல. அதே மாதிரி. பறவைக்கும் வலது உண்டு, இடது உண்டு.

மூணு இறகும் ஒரே பக்கமா வளைஞ்சிருந்தா அம்பு பம்பரம் மாதிரி ஒரு பக்கமாச் சுத்திக்கிட்டு நேராப் போகும். இங்க ரெண்டு பேர் இந்தப் பக்கம் சுத்துங்குறான், ஒருத்தன் அந்தப் பக்கம் சுத்துங்குறான். அம்பு யாரு பேச்சைக் கேக்கும்? சண்டை போட்டுக்கிட்டே போகுது. அந்தச் சண்டைதான் படபட. இத்தனை வருஷமா அந்த ஊர் அம்பெல்லாம் கொஞ்சம் கோணலாத்தான் போயிருக்கு. எல்லாரும் கையைக் குத்தம் சொல்லிக்கிட்டு இருந்திருக்காங்க.

குறும்பாயிகிட்ட இருக்குறது இடது ரெண்டு, வலது ஒண்ணு. வெள்ளையன்கிட்ட வலது ரெண்டு, இடது ஒண்ணு. ஒண்ணே ஒண்ணை மாத்திக்கிட்டாப் போதும்.

அவ நேராச் சின்னாண்டிகிட்ட போனா. போட்ட பங்கை வீட்டுக்குள்ள ரகசியமா மாத்துனா அந்த ஊர்ல திருட்டு மாதிரி. சடையனும் வெள்ளையனும் கூடப் போனாங்க.

"மாமா, இந்த வலது இறகு ஒண்ணை வெள்ளையனுக்குக் குடுத்துட்டு, அவன்கிட்ட இருக்குற இடதை எனக்குக் குடுங்க."

சின்னாண்டி ஒரு கண்ணைச் சுருக்குனார். "அப்போ உங்க வீட்டுல மூணும் பீச்சாங்கைப் பக்கமா ஆயிருமே."

"ஆகட்டும்."

"ஆகட்டுமா? இன்னைக்கு நீயாக் கேட்டு வாங்குனா, நாளைக்கு எல்லாப் பங்குலயும் அதேதான். மான் தொடைன்னா இடத்தொடை. தேனடைன்னா இடது பாதி. பந்தியில கடைசி எலை. அது எழுதாத சட்டம், நான் மாத்த முடியாது."

வெள்ளையன், "அண்ணி, மூணு வலதையும் நீங்க கேட்டீங்கன்னாக்கூட நான்..." அப்பிடின்னு ஆரம்பிச்சான். அப்புறம் மூணு இடது தன் கைக்கு வர்றதை நினைச்சுப் பாத்துட்டு, காலால தரையைத் தேய்ச்சுக்கிட்டு நின்னான். அவனும் பொண்ணு பாக்கணும்ல. பீச்சாங்கைப் பங்குக்காரனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?

சடையன் முகம் கறுத்துப் போச்சு. "எங்க அப்பன் பந்தியில மொதல் எலையில உக்காந்தவன்" அப்பிடின்னான்.

குறும்பாயி சத்தம் போடல. "விதை போயிட்டா எந்தப் பந்தியில உக்காருவே?" அவ்வளவுதான் கேட்டா.

எங்கயோ ஒரு மரங்கொத்தி டொக் டொக்குனு கொத்திக்கிட்டு இருந்துச்சு. சடையன் பொண்டாட்டி தலையைப் பாத்தான். முடியில இன்னும் கல்லுப்பொடி ஒட்டிக்கிட்டு இருக்கு. அவ தட்டிவிடக்கூட இல்ல.

அப்போ சடையன் முன்னாடி வந்து கையை நீட்டினான். "குடுங்க மாமா."

சின்னாண்டி வலதை வெள்ளையனுக்குக் குடுத்துட்டு, அவன்கிட்ட இருந்த இடது இறகைத் தன்னோட இடது கையால எடுத்து நீட்டினார். அது ஒரு வழக்கம், இந்த வீட்டுக்கு இனிமே இந்தப் பக்கம்னு ஊருக்குக் காட்டுறதுக்கு. சடையன் தலை குனியாம வாங்கிக்கிட்டான். வெள்ளையன் மட்டும் வேற எங்கயோ பாத்துக்கிட்டு நின்னான்.

"ம்ம்..."

தூக்கம் வந்துருச்சா? இன்னும் கொஞ்சந்தான்.

குறும்பாயி மூணு இடது இறகையும் கட்டுனா. மூணும் ஒரே பக்கம் சாய்ஞ்சு, ஒரே வயித்துப் பிள்ளைங்க மாதிரி உக்காந்துச்சு. உசரம் அளவா, முனை சாய்வா. பாறைக்குப் பின்னாடி உக்காந்து கேட்டுப் பாக்க நேரமில்ல, பொழுது எறங்கிருச்சு. நேரம் இருந்தாலும் சடையன் உக்கார விட்டிருக்க மாட்டான். ஒரே ஒரு அம்பு. சடையன் பங்குக்கு வந்த கழுகு இறகு அவ்வளவுதான்.

பரண் ஏறுனாங்க. மஞ்சு எறங்குச்சு. அம்பு வால்ல தண்ணி முத்து முத்தா நின்னுச்சு, குறும்பாயி விரலால லேசாச் சுண்டுனா, உருண்டு விழுந்துருச்சு. காத்து இல்ல. தினைக்கதிர் ஒண்ணுகூட அசையல. பாய் விரிக்கிற அளவுக்குத்தான் கதிர் நிக்குது, அது இன்னைக்கு ஒரு வேளைக்குக்கூடப் பன்னிக்குக் காணாது.

வந்துச்சு. கரக் மொரக். கரக் மொரக்.

சடையன் எந்திரிச்சு நின்னான். நாணை இழுத்தான். அந்த மூங்கில் வில்லு கிறீச்னு சொல்லாம வளைஞ்சுது. வெள்ளையன் கண்ணை மூடிக்கிட்டான். குறும்பாயி மூடல.

விட்டான்.

நாண் சத்தம் எவ்வளவு இருந்துச்சு தெரியுமா? நீ இப்ப ம் சொன்னே பாரு, அவ்வளவு. அதுக்கப்புறம் ஒண்ணுமே கேக்கல. அம்பு விடவே இல்லையோ, நழுவிக் கீழ விழுந்துருச்சோன்னு குறும்பாயி சடையன் கையைத் திரும்பிப் பாத்தா. கையில அம்பு இல்ல.

பன்னி தலையைத் தூக்கல. கிழிஞ்ச காது ஆடல. இன்னும் ஒரு வாய் மென்னுச்சு. அப்புறம் முன்னங்கால் ரெண்டையும் மடக்கி, தூங்கப் போற மாடு மாதிரி மெதுவா உக்காந்துச்சு. உக்காந்து, சாஞ்சுது.

கொஞ்ச நேரம் மூணு பேரும் பரண்லயே இருந்தாங்க. அப்புறம் எறங்கி நடந்தாங்க. அம்பு தோளுக்குப் பின்னாடி, எங்க போகணுமோ அங்க, வால் மட்டும் வெளிய தெரியப் போயிருந்துச்சு. வெள்ளையன் ஏதாவது சொல்லுவான்னு சடையன் பாத்தான். வெள்ளையன் அம்பு வாலை விரலால தொட்டுப் பாத்தான்.

குறும்பாயி குனிஞ்சு பாத்தா. பன்னி வாயில ஒரு தினைக்கதிர். பாதி உள்ள, பாதி வெளிய. இன்னும் மெல்லாத கதிர். ஒவ்வொரு மணியும் வேணும்னு இத்தனை நாள் காவல் கெடந்தவ அவ, கை தானா நீண்டுச்சு. கதிர்த் தாளைப் பிடிச்சா. பன்னியோட பல்லு இன்னும் அதைக் கடிச்சுக்கிட்டு இருந்துச்சு. அதுக்கு ஒண்ணுமே தெரியல, பாவம். தின்னுக்கிட்டே போயிருச்சு. சத்தமில்லாம பண்ணணும்னுதானே அவ இத்தனையும் பண்ணுனா. ஆனா அப்பிடி ஒண்ணுமே தெரியாமப் போறதைக் கிட்டத்துல பாத்தப்போ, அவளுக்கு என்னமோ போல ஆயிருச்சு.

தாளை விட்டுட்டா. கையை முந்தானையில தொடைச்சுக்கிட்டா.

"எடுத்துக்க" அப்பிடின்னான் சடையன்.

"இருக்கட்டும். நிக்கிறது போதும்."

அப்புறம் கதிர் முத்துச்சு, அறுத்தாங்க. கசக்கிப் புடைச்சுப் பாத்தா ஒரு சுரைக்குடுவை நிறைய விதை. அடுப்புக்கு மேல புகை படுற எடத்துல கட்டித் தொங்கவிட்டா. பந்தியில அந்த வீட்டுக்குக் கடைசி எலைதான். ஊரெல்லாம் பீச்சாங்கை வீடுன்னுதான் கூப்பிட்டாங்க. கூப்பிட்டா, "என்ன?"ன்னு திரும்பிப் பாத்தாங்க, அவ்வளவுதான். ஒவ்வொரு வில்லுக்காரனா வாசல்ல வந்து, யாரும் பாக்கலையேன்னு பாத்துட்டு, "அக்கா, என் அம்புக்கும் எந்தப் பக்கம்னு கொஞ்சம் நீவிப் பாருங்க"ன்னு கேட்டாங்க. அவளும் நீவிப் பாத்துச் சொன்னா.

சித்திரை போயி வைகாசி வந்துச்சு. இடி இடிச்சு, மழை பெஞ்சுது. குடுவையை எறக்கி, விதையை முந்தானையில கட்டிக்கிட்டு, புருஷனும் பொண்டாட்டியும் கொழுந்தனுமா மேல்காட்டுக்குப் போனாங்க. அந்த வருஷம் அந்த வீட்டுல இருந்து யாரும் சட்டி பானையைத் தூக்கிக்கிட்டு மலையை விட்டு எறங்கல.

ம் சொல்லலையே?

சரி. கதை காட்டுக்குப் போச்சு, தூக்கம் வீட்டுக்கு வந்துச்சு. கண்ணைத் திறக்காத சாமி, அப்பிடியே தூங்கு.